பாசிட்டிவ் பிலிமுக்கு ஏற்ற துலக்குநீர்

ஊரைவிட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவர் சிலருடைய பெட்டியின் அடியில் பழைய 16 மில்லிமீட்டர் நெகட்டிவ் சுருள் கிடப்பதுண்டு. டில்லியில் எங்கள் இல்லத்திலும் அத்தகைய 100 அடிச் சுருள் ஒன்று இருந்தது. ஓடவிட்டால் மூன்று நிமிடம்கூட நில்லாது. அதில் காலஞ்சென்ற எங்கள் தகப்பனார் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை மடிக்கிறார். முகம் வெளுத்தும் வேட்டி கறுத்தும் தோன்றும் நெகட்டிவில் அவரை இனங்காண்பது எங்ஙனம்? பாசிட்டிவ் பிரதி எடுத்து, நாங்களே வாளியில் துலக்க முற்பட்டோம்.

முதலில் டி-76 என்னும் கரைசலைக் கொண்டோம். நெகட்டிவுக்குப் புகழ்பெற்றது அது. ஆயின் படம் சாம்பல் பூசினாற்போல் வந்தது. காரணம் எளிது. நெகட்டிவ் வேண்டுமென்றே மென்மையாக எடுக்கப்படுவது. அதன் மாறுபாட்டெண் ஏறத்தாழ 0.65. இழந்த அழுத்தத்தைப் பாசிட்டிவே ஈடுசெய்தல் வேண்டுமாதலால், அதன் எண் 2க்கு மேல் உயர வேண்டும். மேலும், பாசிட்டிவ் பிலிம் இயல்பாகவே நுண்மணிகளையுடையது; டி-76 தரும் நுண்மை அதற்கு மிகை.

அடுத்து, புகைப்படத் தாளுக்குரிய டெக்டால். இது மறுகோடி. வேட்டி வெறும் வெண்மையாயிற்று, முகம் இருண்டது. வேகமும் மிகுதி, வாளியில் சுருள் முழுதும் நனையுமுன்னரே கோடுகள் விழுந்துவிட்டன. நீர் கூடுதலாகக் கலந்தால் வேகம் தணியும். பாசிட்டிவுக்கென்றே அமைந்த டி-97இல் மெட்டாலும் ஹைட்ரோகுயினோனும் குறைவு. சோடாவும் அளவோடு உண்டு. நம் கருத்தில் முதலிடம் இதற்கே. மெட்டால் சிலருக்குத் தோலரிப்பு தரும், கையுறை அவசியம்.

இப்பிலிம் நீல ஒளிக்கே வசப்படுவதால், சிவப்பு விளக்கில் வேலை செய்யலாம். எனினும் கண்ணை நம்பி அவசரப்படலாகாது. அவ்வொளியில் படம் உள்ளதைவிடக் கறுத்தே தோன்றும். சிறு துண்டுகளைச் சோதித்துக் கடிகாரத்தை நம்புவதே நன்று.

வடநாட்டுக் கோடைதான் பெருஞ்சோதனை. கரைசல் 20 பாகை செல்சியஸ் அளவில் இருத்தல் வேண்டும். வெப்பம் மிகுந்தால் ஜெலட்டின் உப்பி நழுவும். பனிக்கட்டியைக் கரைசலிலன்றி, அதைச் சூழ்ந்த வெளித்தொட்டியில் இடுக. இயலாதெனின், சோடியம் சல்பேட் சேர்த்து உப்பலைக் குறைக்கலாம்; பெயர் மயக்கத்தால் சல்பைட்டைக் கூட்டிவிடாதீர்கள்.

டி-97இல் துலக்கிய துண்டை உலர்த்தி விளக்கின்முன் பிடித்தோம். வேட்டியின் மடிப்பும், கையிலிருந்த வெற்றிலையின் நரம்பும் தெரிந்தன.