சின்ன ஹாலில் டிவி எங்கே?

டீ ஆறுவதற்குள் ஹாலை அளந்துவிடலாம், இன்ச் டேப்பை மட்டும் எடுத்து வையுங்கள். டிவி வாங்குவதற்கு முன்பே இதைப் பேசுவது நல்லது. பல வீடுகளில் டிவி முதலில் வந்துவிடுகிறது. மாட்டித்தர வருகிறவர், "எங்கே சார் மாட்டணும்?" என்கிறார். பில்டர் வைத்துவிட்டுப் போன ஸ்விட்ச் பாக்ஸ் பக்கம் கையைக் காட்டுகிறோம். அரை மணி நேரத்தில் நான்கு ஓட்டை விழுந்துவிடும். அப்புறம் அந்த டிவி இருக்கிறவரை வீட்டிலுள்ள எல்லோருடைய கழுத்தும் அந்த நான்கு ஓட்டைக்குக் கட்டுப்பட்டது.

அதனால் சுவரிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். உட்காருகிறவர்களின் கண்ணிலிருந்து ஆரம்பிப்போம்.

நம் அடுக்குமாடி வீடுகளில் அடிக்கடி பார்க்கிற ஒரு ஹாலை எடுத்துக்கொள்வோம். அகலம் 10 அடி, நீளம் 14 அடி. நீளவாட்டில் ஒரு முனையில் வாசல், மறுமுனையில் பால்கனி. ஒரு பக்கச் சுவர் முழுசாகக் காலி, அதில் சோபாவைப் போட்டுவிடுவார்கள். எதிர்ச் சுவரில் பெட்ரூம் கதவு, சமையலறைக்குப் போகிற வழி, இரண்டுக்கும் நடுவே மிஞ்சுவது 5 அடிச் சுவர். டிவிக்கு இருப்பது அவ்வளவுதான், ஆனால் அது நல்ல இடம். பால்கனி வெளிச்சம் பக்கவாட்டில் வரும். டிவியைப் பால்கனிக்கு எதிரே வைத்தால் பகல் முழுக்கத் திரையில் பால்கனிக் கம்பிதான் தெரியும். பால்கனியை ஒட்டி வைத்தால் பின்னாலிருந்து வரும் வெயில் கண்ணைக் கூச, படம் இருட்டாகத் தெரியும். ராத்திரியில் டியூப் லைட்டும் இதே வேலையைச் செய்யும். டிவி ஏற்கெனவே இருந்தால் அணைத்துவிட்டு, லைட்டைப் போட்டு, சோபாவில் உட்கார்ந்து கறுப்புத் திரையைப் பாருங்கள். அதில் எந்த விளக்கு தெரிகிறதோ அதுதான் படத்தின் மேலும் விழும். டிவியை நகர்த்துவதைவிட அந்த லைட்டை வேறு சுவருக்கு மாற்றுவது சுலபம்.

இப்போது தூரம். சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டால், சாய்ந்து உட்காருகிறவர் கண்ணிலிருந்து எதிர்ச் சுவரில் தொங்கும் திரைவரை 8 அடி சொச்சம் இருக்கும். திரையின் இன்ச் கணக்கை 1.6-ஆல் பெருக்குங்கள். வருகிற இன்ச் தூரத்தில் உட்கார்ந்தால் படம் நம் பார்வையில் 30 டிகிரி அகலத்துக்கு விரியும். கண்ணை இங்கும் அங்கும் ஓட்டாமல் முழுப் படத்தையும் பார்க்க அது வசதியான அளவு. 43 இன்ச் டிவிக்கு இது ஏறக்குறைய 5¾ அடி, 55 இன்ச்சுக்கு 7⅓ அடி. கணக்குப்படி சோபாவுக்கு 55 இன்ச் பொருந்தும். ஆனால் நம் வீட்டில் எல்லோருமா சோபாவில் உட்காருகிறார்கள்? பிள்ளைகள் பாயை விரித்து 5 அடியில் படுத்திருப்பார்கள். பாட்டி தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே சீரியல் பார்ப்பார்.

இன்னொன்று, வீட்டில் எதைப் பார்க்கிறீர்கள்? சாதா கேபிள் சேனலில் வருகிற படத்துக்கு 576 வரிகள்தான். 4கே திரையில் இருப்பது 2160 வரிகள். குறைந்த வரிகளை டிவி இழுத்து நிரப்பும்போது பெரிய திரையில் முகமெல்லாம் கலங்கித் தெரியும். கேபிள் சீரியலும் செய்தியுமே முக்கியம் என்றால் இந்த ஹாலுக்கு 43 இன்ச்தான் என் தீர்ப்பு. படமும் கிரிக்கெட்டும் நெட் வழியாக ஹெச்டியிலோ 4கேயிலோ பார்க்கிற வீடென்றால் 55 வாங்கலாம். அதன் அகலம் 4 அடி என்பதையும், இருப்பது 5 அடிச் சுவர் என்பதையும் கடைக்குப் போகும்போது நினைவில் வையுங்கள்.

உயரத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, மண்டபம் என்று நாம் சுவரில் டிவியைப் பார்த்த இடமெல்லாம் நின்று பார்க்கிற இடம். முன்னால் நிற்பவர் தலை மறைக்கக்கூடாது என்று அங்கே மேலே மாட்டினார்கள். வீட்டில் நாம் உட்கார்ந்து பார்க்கிறோம். சோபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 3½ அடி. தரையில் உட்கார்ந்தால் 2½ அடி. திரையின் நடுப்புள்ளி 3½ அடியில் இருந்தால், சோபாக்காரருக்கு நேர் எதிரே இருக்கும். 6 அடி தள்ளித் தரையில் இருப்பவர் 9, 10 டிகிரி அண்ணாந்தால் போதும். அதே டிவியை 5½ அடியில் மாட்டிப் பாருங்கள். 5 அடி தள்ளிப் பாயில் இருக்கிற பிள்ளை 30 டிகிரிக்கு மேல் தலையைத் தூக்க வேண்டும். லீவு நாளில் மணிக்கணக்காக அப்படியே இருக்கும். மவுண்டைச் சாய்த்து மாட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். சாய்த்தால் படத்தின் நிறம் சரியாகும், கழுத்து அண்ணாந்தபடிதான் இருக்கும்.

43 இன்ச் திரையின் உயரம் 54 செ.மீ., அகலம் 95 செ.மீ. நடுப்புள்ளி 3½ அடி என்றால் அடி விளிம்பு தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்தில் வரும். இதைக் கேட்டதும் "இவ்வளவு கீழேயா?" என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். வாதாட வேண்டாம். பழைய பேப்பரை ஒட்டி 95-க்கு 54 என்று வெட்டி, நாலு மூலையிலும் செல்லோ டேப் போட்டு அந்த உயரத்தில் சுவரில் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும். சோபாவில் உட்கார்ந்து அதைப் பாருங்கள், பாயில் உட்கார்ந்து பாருங்கள், பெட்ரூம் வாசல் திரைச்சீலையை விலக்கும்போது அது பேப்பர் மேல் வந்து விழுகிறதா என்று கவனியுங்கள். பேப்பரை நகர்த்தக் காசு வேண்டாம்.

சமையலறையில் நின்றபடி ஒருத்தர் எட்டிப்பார்க்கிற வீடென்றால் கடையில் ஐபிஎஸ் பேனல் கேளுங்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தாலும் நிறம் அவ்வளவாக வெளுக்காது. எல்லோரும் நேர் எதிரே உட்காருகிற வீட்டுக்கு விஏ பேனல் நல்லது, அதில் கறுப்பு கறுப்பாகவே தெரியும். ஒலிக்கு ஒரே வார்த்தை: தட்டை டிவியின் ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழே பார்த்தபடி இருக்கும், ஃபேன் சத்தத்தில் வசனம் அமுங்கிப்போகும். சின்ன சவுண்ட்பார் ஒன்றைத் திரைக்கு அடியில் வைத்தால் வால்யூமைக் குறைத்தே கேட்கலாம்.

டிரில் போடுவதற்கு முன் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பாத்ரூம் என்றால் உள்ளே தண்ணீர் பைப் ஓடும். ஸ்விட்ச் பாக்ஸுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் வயர் பைப் போகும், அந்தக் கோட்டில் ஓட்டை போடவே கூடாது. செங்கல் சுவருக்குச் சாதாரண பிளக் போதும். லைட் வெயிட் பிளாக் சுவருக்கு அதற்கென்று தனி பிளக் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். சுவரில் மாட்டாமல் ஸ்டாண்டில் வைப்பதானால், தவழ்கிற, ஏறுகிற பிள்ளை இருக்கும் வீட்டில் டிவியின் பின்புறத்தை ஒரு பெல்ட் போட்டுச் சுவரோடு கட்டியே ஆக வேண்டும். இதில் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

வீடு இப்போதுதான் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள், பூச்சு வேலை இன்னும் முடியவில்லை என்றால் உங்களுக்கு வேலை பாதி குறைவு. எலக்ட்ரீஷியன் சுவரில் காடி வெட்டுவதற்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள். டிவி பாயின்ட் 3½ அடி உயரத்தில் வரட்டும், மவுண்டில் இடிக்காதபடி நடுவிலிருந்து கொஞ்சம் ஒதுங்கி இருக்கட்டும். டிவி, செட்டாப் பாக்ஸ், வைஃபை மூன்றுக்கும் தனித்தனி சாக்கெட் வையுங்கள். அங்கிருந்து கீழே ஸ்டாண்ட் உயரம் வரைக்கும் 2 இன்ச் காலி பைப் ஒன்று போடச் சொல்லுங்கள். வழக்கமாகப் போடும் முக்கால் இன்ச் பைப்பில் ஹெச்டிஎம்ஐ வயரின் தலை நுழையாது.