டாக்சிசைக்ளினும் தயிர்சாதமும்

மழைக்கால மும்பையில் டாக்சிசைக்ளின் என்ற பெயரைக் கேட்காத வீடு குறைவு. தேங்கிய வெள்ளத்தில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் டாக்டரைக் கேட்டு எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை போட்டுக்கொள்ளும்படி மாநகராட்சி அறிவுறுத்துகிறதே, அந்த மாத்திரைதான். நவி மும்பையின் நெருள் ஃபிளாட்டுகளில் வளரும் நாய்களுக்கும் இதையே எழுதிக் கொடுக்கிறார்கள், பெரும்பாலும் உண்ணிக் காய்ச்சலுக்கு. பழுப்பு உண்ணி கடித்து ரத்தத்தில் ஏறும் எர்லிக்கியா கிருமியை ஒழிக்க வழக்கமான கோர்ஸ் 28 நாள்.

நான்கு வாரம் ஆன்டிபயாட்டிக் போனால் வயிறு சும்மா இருக்குமா? சில நாய்கள் சோற்றைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பும். சிலவற்றுக்கு வாந்தி, பேதி. தமிழ் வீடு என்றால் கை உடனே தயிர்ப் பாத்திரத்துக்குத்தான் போகும்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. தயிரின் கால்சியம் டாக்சிசைக்ளினைப் பிடித்துக்கொண்டு, அது ரத்தத்தில் சேருவதைக் குறைத்துவிடும். பழைய டெட்ராசைக்ளின் அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் காசு கொடுத்து வாங்கிய மருந்தை வீணாக்குவானேன்? ரத்தசோகைக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து டானிக்கும் இதே வேலையைச் செய்யும். வெறும் வயிற்றில் மாத்திரையைத் திணித்தால் குமட்டல் வரும் என்பதால், வேகவைத்த கோழி கலந்த சோற்றோடு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, தயிர்சாதத்தை அடுத்த வேளைக்குத் தள்ளுவது நல்லது. அதுவும் வெறும் தயிர்சாதம். விசேஷ வீட்டுப் பாணியில் திராட்சை போட்டது நாயின் சிறுநீரகத்தையே கெடுக்கலாம். திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று இப்போது சந்தேகிக்கிறார்கள். அது புளியிலும் இருப்பதால் புளியோதரையும் வேண்டாம்.

இன்னொன்று, தயிர் வேறு, புரோபயாட்டிக் வேறு. போதிய அளவில் உயிரோடு உள்ளே போய், உடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர் என்பதே 2001இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் கூட்டிய நிபுணர்கள் வகுத்த இலக்கணத்தின் சாரம். வீட்டுத் தயிரில் எந்த வகை, எத்தனை கோடி என்று யாருக்கும் கணக்கில்லை.

கடையில் கிடைப்பவற்றிலும் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. நாய்களுக்கென்றே விற்கும் பொடிகள் பலவற்றில் இருக்கும் எண்டரோகாக்கஸ் ஃபீசியம், லாக்டோபேசில்லஸ் இரண்டும் பாக்டீரியாக்கள். ஆன்டிபயாட்டிக்குக்கு நல்லது கெட்டது தெரியாது. மாத்திரையையும் பொடியையும் ஒரே வாயில் கொடுத்தால் இவையும் அடிபடும். அதனால்தான் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விடச் சொல்கிறார்கள். காலையும் இரவும் மாத்திரை என்றால் மதியம் பொடி.

சாக்கரோமைசஸ் பௌலார்டியின் கதை வேறு. 1920களில் இந்தோசீனத்தில் காலரா பரவியபோது, லிச்சி, மங்குஸ்தான் பழத்தோல்களைக் காய்ச்சிக் குடித்தவர்கள் தப்பியதைக் கவனித்து, பிரெஞ்சுக்காரர் ஆன்ரி பௌலார் பிரித்தெடுத்த ஈஸ்ட் இது. பூஞ்சை இனம் என்பதால் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து இதைத் தொடாது. பூஞ்சைக்கான மருந்துதான் கொல்லும். மெடிக்கல் ஷாப்பில் மனிதர்களுக்கு விற்கும் சாஷேயை நாய்க்கு வாங்குகிறவர்கள் அட்டையில் சைலிட்டால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த இனிப்பு நாய்க்கு விஷம்.

சரி, பலன் உண்டா? அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான நாய்களுக்கு என்ரோஃப்ளாக்சசினும் மெட்ரோனிடசோலும் கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல நுண்ணுயிரும் அதற்கான நார்ச்சத்தும் கலந்த மருந்தைச் சேர்த்துப் பெற்றபோது வாந்தி குறைந்தது, சாப்பாடும் அவ்வளவாகக் குறையவில்லை. பேதி, ஆன்டிபயாட்டிக் நின்றதும் தானாக அடங்கியது. குடலின் பழைய குடித்தனம் முழுதாகத் திரும்புகிறதா என்பது வேறு கேள்வி. இஸ்ரேலின் வைஸ்மான் ஆய்வகம் 2018இல் வெளியிட்ட முடிவு கொஞ்சம் சங்கடமானது: ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் புரோபயாட்டிக் எடுத்த மனிதர்களின் குடல் பழைய நிலைக்குத் திரும்ப, எதுவும் எடுக்காதவர்களைவிட அதிக நாள் ஆனது. நாய்க்கும் அப்படியே என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆக, மருந்து நாட்களைக் கொஞ்சம் நிம்மதியாகக் கடத்த உதவும் பொருளாகவே புரோபயாட்டிக்கைப் பார்க்கலாம். அதற்கு மேல் பெட்டியில் அச்சடித்திருப்பது வியாபாரம்.

பெட்டியை நம்புவதற்கும் எல்லை உண்டு. கனடாவில் 2011இல் வெளியான ஓர் ஆய்வு 25 புரோபயாட்டிக்குகளைச் சோதித்தது. லேபிளும் உள்ளே இருந்த சரக்கும் இரண்டுமே சரியாக இருந்தவை 2 மட்டும். எந்த நுண்ணுயிர், எத்தனை கோடி, எந்தத் தேதி வரை என்று மூன்றும் தெளிவாக இல்லாத டப்பாவை அலமாரியிலேயே விட்டுவிடலாம். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடும் நாய்க்கும், மிகவும் நலிந்த குட்டிக்கும் டாக்டரைக் கேட்காமல் எதையும் தரக்கூடாது.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஃபிரிட்ஜ் கதவில் மீந்து கிடக்கும் மெட்ரோனிடசோல் அட்டை. நாய்க்கு லேசாக வயிறு போனதும் பலர் அதைத்தான் தேடுகிறார்கள். டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆய்வில் இரண்டு வாரம் இதைச் சாப்பிட்ட ஆரோக்கியமான நாய்களின் குடல், மருந்தை நிறுத்தி நான்கு வாரம் ஆகியும் முழுதாகத் தேறவில்லை. திடீர்ப் பேதி லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டாம் என்று ஐரோப்பிய கால்நடை மருத்துவர்களின் 2024 வழிகாட்டி அழுத்தமாகவே சொல்கிறது. ரத்தம் கலந்து போனாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, நாய் எழுந்திருக்கவே சோம்பினாலோ டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.