பத்து சென்ட் தலையும் ஒன்பது கட்டங்களும்

பத்து சென்ட் மதிப்புள்ள தபால்தலை அது. ஆனால் உறையில் ஒட்டித் தபால் பெட்டியில் போட்டால் செல்லாது. 1911-ல் அமெரிக்கத் தபால் துறை இப்படியொரு தலையை விற்கத் தொடங்கியது, காசு சேர்ப்பதற்காக. தபால் ஆபீஸ் சேமிப்பு வங்கியின் வரலாற்றைத் தேடப் புறப்படுகிற யாருக்கும் நான் முதலில் காட்டுவது இந்தத் தலையைத்தான்.

அமெரிக்கத் தபால் சேமிப்பில் கணக்கில் ஏறும் குறைந்தபட்சத் தொகை ஒரு டாலர். அன்றைய கூலித் தொழிலாளிக்கு அதை ஒரே தடவையில் ஒதுக்கிவைப்பது லேசான காரியமல்ல. அதற்காக ஓர் ஏற்பாடு செய்தார்கள். பத்து சென்ட் கொடுத்தால் ஓர் அட்டை கிடைக்கும். அதில் ஒரு பத்து சென்ட் தலை ஏற்கெனவே அச்சாகியிருக்கும். கொடுத்த காசுக்கு அது கணக்கு. மீதி ஒன்பது கட்டங்கள் காலி. கையில் காசு மிஞ்சும்போதெல்லாம் ஒரு தலை வாங்கி ஒரு கட்டத்தில் ஒட்ட வேண்டும். ஒன்பதும் நிறைந்து அட்டையைக் கொடுத்தால் ஒரு டாலர் வரவாகும். அதுவரை வட்டி கிடையாது.

யோசனை அமெரிக்கர்களுடையது அல்ல. 1880-லேயே பிரிட்டனின் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் ஹென்றி ஃபாசெட் இதைச் செய்துவிட்டார். இளம் வயதிலேயே பார்வை இழந்தவர் அவர். ஒரு தாளில் பன்னிரண்டு பென்னி தலைகளை ஒட்டிக் கொடுத்தால் ஒரு ஷில்லிங் கணக்கில் ஏறும் என்றார். அங்கே ஒட்டியவை சாதாரணக் கடிதத் தலைகளே. அமெரிக்கா இதற்கென்றே தனித் தலை அச்சடித்தது.

அட்டை நிறைந்தால் அது தபால் ஆபீசுக்கே திரும்பிப் போய்விடும். ஆகவே இன்று சேகரிப்பாளர்களிடம் அட்டை ஒன்று அகப்பட்டால் பெரும்பாலும் சில கட்டங்கள் காலியாகத்தான் இருக்கும். நாலு தலையோடு நின்றுபோன அட்டையைப் பார்க்கையில் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். வேலை போயிற்றா, ஊர் மாறினாரா, பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா? அட்டை சொல்லாது. தபால்தலைக் கேட்டலாக்கும் சொல்லாது. ஆரஞ்சு நிறத் தலை அதே 1911-ல் நீலமானது, தாளில் என்ன நீர்க்குறி என்பதெல்லாம் அதில் துல்லியமாக இருக்கும். யார் சேமித்தார்கள், ஏன் சேமித்தார்கள் என்று அறிய வேறு காகிதங்களைத் தேட வேண்டும்.

அவற்றில் முதலாவது சட்டம். பிரிட்டனில் தபால் சேமிப்பு 1861-ல் வந்தது, இந்தியாவில் 1882-ல். அமெரிக்காவோ 1910 வரை தயங்கிக்கொண்டிருந்தது. தங்கள் வைப்புத்தொகை அரசிடம் போய்விடும் என்று வங்கிக்காரர்கள் எதிர்த்ததே முக்கியக் காரணம். 1907-ல் வங்கிகள் ஆட்டம் கண்டபோது ஜனங்கள் பணத்தை எடுக்க ஓடினார்கள். அதன்பிறகுதான் காற்று திசை மாறியது. 1910 ஜூன் 25-ல் ஜனாதிபதி டாஃப்ட் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1911 ஜனவரி 3-ல் மாநிலம், பிரதேசம் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக 48 தபால் ஆபீஸ்களில் கணக்குத் தொடங்கினார்கள்.

அந்தச் சட்டத்தை அவசியம் படிக்க வேண்டும். பத்து வயது நிரம்பிய யாரும் கணக்கு வைக்கலாம். திருமணமான பெண் தன் பெயரிலேயே, கணவனின் தலையீடு எதுவும் இல்லாமல், பணம் போடலாம் என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. வட்டி இரண்டு சதவீதம். திரண்ட பணத்தை உள்ளூர் வங்கிகளிலேயே வைத்து இரண்டேகால் சதவீதம் வாங்கினார்கள். அந்தக் கால் சதவீதம் செலவுக்கு. பாஸ்புக் கிடையாது, சான்றிதழ்தான். ஒருவர் கணக்கில் 500 டாலருக்கு மேல் போகக்கூடாது என்று தொடக்கத்தில் வரம்பும் இருந்தது.

இன்னொரு வகைத் தலையும் உண்டு. ஆய்வாளருக்கு அது பெரிய துப்பு. சேமிப்புப் பிரிவு அனுப்பும் அலுவலகக் கடிதங்களுக்கென்று 1910 டிசம்பரிலிருந்து தனித் தலைகள் வெளியாயின. மற்ற அலுவலகத் தபாலைப் போல அவற்றை இலவசமாக விட்டிருக்கலாமே? புதுப் பிரிவுக்குத் தபால் செலவு எவ்வளவு ஆகிறது என்று தனியாகக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. 1914-ல் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்து, சேமிப்புத் திட்டத்தின் நிர்வாகக் குழு அமெரிக்கக் காங்கிரசுக்கு ஆண்டுதோறும் கொடுத்த அறிக்கைகள். அவற்றோடு, பிரின்ஸ்டன் பொருளாதாரப் பேராசிரியர் எட்வின் கெம்மரர் 1917-ல் வெளியிட்ட புத்தகம். இவற்றைப் படித்தால் ஒன்று தெளிவாகும்: பணம் போட்டவர்களில் பெரும்பங்கினர் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள். சொந்த நாட்டில் தபால் ஆபீசை நம்பிப் பழகியவர்கள் அவர்கள். இந்தத் திட்டம் வருமுன்பே சிலர் தங்கள் பெயருக்கே மணியார்டர் எடுத்து அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்களாம். அரசு ஒரு சேமிப்பு வங்கி நடத்த வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

பிறகு பெருமந்தம் வந்தது. வங்கிகள் வரிசையாக மூடின. 1929-ல் சுமார் 15 கோடி டாலராக இருந்த தபால் சேமிப்பு 1933-ல் சுமார் 120 கோடியானது. 1947-ல் 340 கோடியை நெருங்கி உச்சம் தொட்டது. அப்போது 40 லட்சம் பேர் கணக்கு வைத்திருந்தார்கள். உலகப் போர்க்காலமான 1941 முதல் தலைகளின் வேலை மாறிப்போனது. துப்பாக்கி ஏந்திய குடிப்படை வீரர் சிலை பதித்த புதிய தலைகளைப் பள்ளிப் பிள்ளைகள் ஆல்பத்தில் ஒட்டினார்கள். 25 சென்ட் தலைகள் 75 சேர்ந்தால் 18 டாலர் 75 சென்ட். அதைக் கொடுத்து ஓர் அரசுச் சேமிப்புப் பத்திரம் வாங்கினால் பத்தாண்டு கழித்து 25 டாலர் கிடைக்கும்.

வங்கி வைப்புக்கே அரசுக் காப்பீடு வந்துவிட்ட பிறகு தபால் சேமிப்பின் தேவை தேய்ந்தது. 1966-ல் புதிய வைப்பு வாங்குவதை நிறுத்தினார்கள். கேட்பாரற்றுக் கிடந்த பணத்தைக் கோருவதற்குக் கடைசி நாள் 1985 ஜூலை 13. இன்று அமெரிக்காவில் ஒருவர் வீட்டுப் பெட்டியில் தாத்தாவின் சான்றிதழ் கிடைத்தால் அதற்கு ஒரு சென்ட்கூடப் பெயராது. ஆனால் அதில் ஊர் பெயரும் தேதி முத்திரையும் இருக்கும். அவர் எப்போது அந்த ஊருக்கு வந்து சேர்ந்தார் என்று தேடும் குடும்பத்துக்குச் சிலசமயம் அந்த முத்திரை ஒன்றே ஆதாரம்.