நாற்பதுக்குள்ள என்ன எழுதியிருக்கு?

காரைக்கால்ல இருந்து இன்னொரு எபிசோட். நேயர் ஒருத்தர் மெயில் அனுப்பியிருந்தார். அவங்க வீட்டுப் பெரியவர் ஒருத்தருக்கு நடை தள்ளாடுது, பேச்சு குழறுது. தெருவுல பார்க்கிறவங்க குடிச்சிருக்கார்னு நினைச்சுக்கிறாங்களாம். டாக்டர் ஜீன் டெஸ்ட் எழுதியிருக்கார். அந்த ரிப்போர்ட்ல ஒரு எண் வரும்னு சொன்னாங்களாம். “ஒரே ஒரு எண்ணை வச்சு பரம்பரை நோய்னு எப்படி முடிவு பண்றாங்க?” இதுதான் கேள்வி.

நான் படிச்சது இன்ஜினியரிங். ஆனா இது அடிப்படையில ஒரு ஸ்ட்ரிங் பிரச்சினை. அதனால தைரியமா இறங்குறேன்.

நோயோட பேர் ஸ்பைனோசெரிபெல்லார் அட்டாக்சியா வகை 1, சுருக்கமா எஸ்சிஏ1. சிறுமூளை மெல்ல மெல்லப் பழுதாகும். பெரும்பாலும் முப்பது, நாற்பது வயசுல ஆரம்பிக்கும். இதுக்குக் காரணமான ஜீனை அமெரிக்காவுல ஹுடா ஸோக்பியும் ஹாரி ஓரும் 1993-ல கண்டுபிடிச்சாங்க. இது நமக்குத் தூரத்து விஷயம் இல்ல. ஒரு தமிழ்ச் சமூகத்துல எஸ்சிஏ1 அதிகமா இருக்குன்னு 2005-ல ‘நியூராலஜி இந்தியா’ இதழ்ல ஒரு கட்டுரை வந்தது. எந்தச் சமூகம்னு இங்க சொல்லப் போறதில்ல. கல்யாணப் பேச்சுல அந்தத் தகவல் எப்படிப் பயன்படும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும்.

சரி, ஜீனுக்குள்ள என்ன இருக்கு? சிஏஜி, சிஏஜி, சிஏஜின்னு மூணு எழுத்து திரும்பத் திரும்ப வரும். எல்லாருக்கும் வரும், உங்களுக்கும் எனக்கும்தான். எத்தனை தடவைங்கிறதுதான் விஷயம். இடையில வேற எழுத்தே இல்லாம 39 அல்லது அதுக்கு மேல போச்சுன்னா நோய். “இடையில வேற எழுத்தே இல்லாம”ங்கிறதைக் கொஞ்சம் பிடிச்சு வச்சுக்கோங்க.

இந்த டிஎன்ஏவைப் பார்த்து செல் ஒரு ஆர்என்ஏ நகல் எடுக்கும். ஆர்என்ஏ ஒத்தை இழை. ஜோடி இல்லாததால தன் மேலேயே மடங்கி ஜோடி தேடும். சி-யும் ஜி-யும் சேரும், ஏ-யும் யூ-வும் சேரும். சிஏஜி வரிசையைத் திருப்பி மடக்கி எதிரெதிரா வச்சுப் பாருங்க. சி-க்கு எதிர்ல ஜி வரும், ஜி-க்கு எதிர்ல சி வரும், நடுவுல ஏ-க்கு எதிர்ல இன்னொரு ஏ. மூணுல ரெண்டு பொருந்திடுது. அது போதும், ஜிப் மாதிரி இழுத்து மூடிக்கும். கிடைக்கிற வடிவம் கொண்டை ஊசி. நம்ம ஊர் தரைமட்டம், இங்க கொண்டை ஊசி வளைவைக் காட்ட ரோடு கிடையாது. கொல்லிமலைல எழுபது இருக்கு, போனவங்க நினைச்சுக்கோங்க. ஏறின ரோடும் திரும்பின ரோடும் பக்கத்துல பக்கத்துல ஓடும்ல, அதேதான்.

இப்போ அந்த இடைச்செருகலுக்கு வருவோம். ஆரோக்கியமானவங்களோட நீளமான வரிசைல, நடுவுல ஒண்ணு ரெண்டு இடத்துல சிஏஜிக்குப் பதிலா சிஏடின்னு இருக்கும். ஆர்என்ஏல அது சிஏயூ. இந்த யூ-வுக்கு எதிர்ல சி வந்து நிக்கும், சேராது. பக்கத்துல ஏ-வும் ஏற்கெனவே சேராம நிக்குது. மூணுல ஒண்ணுதான் பொருந்துது, ஜிப் அங்க மாட்டிக்கும். போலந்துல போஸ்னான் நகரத்துல சோப்ச்சாக், கிஷிஸோஷியாக்னு ரெண்டு பேர் 2004-ல இதை ஆய்வு செஞ்சாங்க. தடங்கல் இல்லாத வரிசை நீளமான ஒரே கொண்டை ஊசியா மடங்குது. தடங்கல் இருக்கிறது குட்டையா, கிளை விட்டு, பல விதமா மடங்குது.

இதுனாலதான் நோய் வருதான்னா, எஸ்சிஏ1-ல முதல் குற்றவாளி புரதம்தான். சிஏஜி ஒவ்வொண்ணும் புரதத்துல ஒரு குளூட்டமின். நீளமான குளூட்டமின் வால் உள்ள புரதம் நரம்பு செல்லைக் கெடுக்குது. சிஏடி வந்தா அங்க ஹிஸ்டிடின் உட்கார்ந்து வாலை முறிச்சிடும். ஆனா மயோடானிக் டிஸ்ட்ரோபின்னு ஒரு தசை நோய் இருக்கு. அதுல இந்த மாதிரி மடங்கின ஆர்என்ஏவே செல்லுக்குத் தேவையான புரதங்களைப் பிடிச்சு வச்சுக்குது. 2017-ல அங்குர் ஜெயினும் ரொனால்ட் வேலும் இன்னொண்ணு காட்டினாங்க: இந்த மாதிரி ஆர்என்ஏக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஜெல்லி மாதிரி உறையுது. அதுவும் நோய் ஆரம்பிக்கிற எண்ணிக்கைக்குக் கிட்டத்தட்டப் பக்கத்துல. எனக்கு அது சும்மா தற்செயல்னு தோணல.

இப்போ அந்த எண். லேப்ல வழக்கமா அந்தப் பகுதியை பிசிஆர்ல பெருக்கி நீளத்தை அளப்பாங்க. நம்ம பாஷைல சொன்னா அது வெறும் லெங்த் ஃபங்ஷன். ஸ்ட்ரிங்குக்குள்ள என்ன இருக்குன்னு அது படிக்காது. 52-ன்னு வந்தா குழப்பம் இல்ல. 40-ன்னு வந்தா? தடங்கல் இல்லாத 40 நோய். நடுவுல சிஏடி இருக்கிற 40 சாதாரணம். ஒரே எண், ரெண்டு வாழ்க்கை. அதனால 36-ல இருந்து 44 வரைக்கும் வந்தா சிஏடி இருக்கான்னு தனியாப் பார்க்கணும். அதுக்கு அந்த எழுத்துக்கூட்டைக் கண்டா மட்டும் வெட்டுற ஒரு நொதி உண்டு. வெட்டுச்சுன்னா சிஏடி இருக்குன்னு அர்த்தம். காரைக்கால்ல இருந்து பஸ் ஏறி பாண்டிச்சேரி ஜிப்மருக்கோ, பெங்களூரு நிம்ஹான்ஸுக்கோ போறவங்க ரிப்போர்ட்டை வாங்கிட்டுத் திரும்பாதீங்க. “தடங்கல் பார்த்தாங்களா டாக்டர்?”னு கேட்டுட்டு வாங்க.

சொந்தத்துல கல்யாணம் பண்ணினதாலதான் வந்துச்சுன்னு வீட்டுல பேச்சு வரும். இந்த நோய்க்கு அது பொருந்தாது. ஒரு பெற்றோருக்கு இருந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மாமன் மகளைக் கட்டினாலும் அசலூர்ல கட்டினாலும் கணக்கு அதேதான். தலைமுறை மாறும்போது, குறிப்பா அப்பா வழியா வரும்போது, வரிசை இன்னும் நீளலாம். நீண்டா நோய் சீக்கிரமே தொடங்கும். தாத்தாவுக்கு ஐம்பதுல வந்தது பேரனுக்கு இருபத்தஞ்சுல வர்றது இப்படித்தான்.

குணமாக்குற மருந்து இப்போதைக்கு இல்ல. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, விழுங்குறதுல கவனம், இதெல்லாம் உதவும். அறிகுறி இல்லாத பெரியவங்க டெஸ்ட் எடுக்கிறது அவங்க விருப்பம். எடுக்கிறதுக்கு முன்னாடி ஜெனெடிக் கவுன்சிலிங்குக்கு உட்காருங்க. அறிகுறி இல்லாத குழந்தைகளுக்கு எடுக்கிறதில்ல. பதினெட்டு ஆகட்டும், தெரிஞ்சுக்கணுமா வேண்டாமான்னு அவங்களே சொல்லட்டும்.