மண்ணை மீட்கும் நுண்ணுயிர்கள்

சமையலறைக் கழிவைக் குழியில் இட்டு மூடினால் சில மாதங்களில் அது எருவாகிறது. அம்மாற்றத்தைச் செய்பவை கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள். எண்ணெயும் ஆலைக்கழிவும் ஊறிய மண்ணையும் அவற்றின் துணையால் தூய்மையாக்கலாம். இதனை உயிரிவழிச் சீரமைப்பு என்பர்.

கச்சா எண்ணெய் பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் இணைந்த சேர்மங்களால் ஆனது. பாக்டீரியாக்களுள் சில அச்சேர்மங்களையே உணவாகக் கொள்கின்றன. தம்மிடமுள்ள நொதிகளால் அவற்றைச் சிதைத்து ஆற்றல் பெறுகின்றன. முழுமையாகச் சிதைந்தபின் எஞ்சுபவை பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் நீருமே.

எந்த நுண்ணுயிர் எதனைச் சிதைக்கும் என்று அறிய, அவற்றைத் திரட்டிப் பாதுகாத்தல் வேண்டும். புனே நகரில் தேசிய வேதியியல் ஆய்வகமும் தேசிய உயிரணு அறிவியல் மையமும் இப்பணியைச் செய்கின்றன. உழவர் விதைநெல்லைக் குதிரில் காப்பதுபோல், இங்கு நுண்ணுயிர்களைக் கடுங்குளிரில் காத்து ஆய்வாளர்களுக்கு வழங்குகின்றனர்.

எண்ணெயின் எல்லாக் கூறுகளையும் ஒரே வகை பாக்டீரியா உண்பதில்லை. எனவே, தில்லியிலுள்ள டெரி நிறுவனத்தார் பல வகைகளைச் சேர்த்து 'ஆயில்சாப்பர்' என்னும் கலவையை உருவாக்கினர். இத்தகைய கலவையை மண்ணில் தூவியபின் உழுது காற்றோட்டம் தருவர். நீரும் நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துகளும் இடுவர்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதின. கரையொதுங்கிய எண்ணெய்க் கசடை மீனவரும் தன்னார்வலரும் வாளிகளால் அள்ளினர். அவ்வாறு திரட்டிய கசடைச் சிதைக்கவும் பாக்டீரியாக்களே பயன்பட்டன.

எனினும், இம்முறைக்கு எல்லை உண்டு. ஈயம், பாதரசம் போன்றவை தனிமங்கள். அவற்றை எந்த நுண்ணுயிராலும் சிதைத்து அழிக்க இயலாது. காற்றும் ஈரமும் குறைந்த மண்ணில் பணி மிக மெதுவாகவே நடைபெறும். ஒரே நாளில் கொட்டிய நஞ்சை நீக்கப் பல மாதங்கள், சில இடங்களில் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்நிலத்தில் பயிர் செய்ய இயலாது. ஆகவே, கழிவு மண்ணில் சேராமல் தடுப்பதே நம் முதற்கடமை.

சொல்லும் பொருளும்
குதிர் – தானியம் சேமிக்கும் மண்கலம்
நொதி – உயிரணுக்களில் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள்
கசடு – அடியில் தங்கும் கழிவு

சிந்தித்து விடையளிக்க
1. பாக்டீரியா கலந்த மண்ணை உழுவது ஏன்?
2. பாதரசம் கலந்த மண்ணை இம்முறையால் முழுமையாகத் தூய்மையாக்க இயலுமா? காரணம் தருக.