படையும் கூழும்

தேசப் பாதுகாப்பைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் பீரங்கியும் விமானமும் ஏவுகணையுமே நம்மவர் மனக்கண்முன் நிற்கின்றன. அவை வேண்டுவனவே, மறுப்பாரில்லை. ஆயினும் அவற்றை இயக்கும் கைக்கு வலிமை தருவது சோறு; அச்சோற்றைப் பாசறைக்குக் கொண்டு சேர்ப்பன வண்டியும் வழியும். அரசனுக்கு இன்றியமையாத ஆறு உறுப்புக்களை எண்ணிய வள்ளுவர், படையோடு கூழையும் சேர்த்தே எண்ணினார். இப்பழைய உண்மையை நமது சர்க்காரின் ஆராய்ச்சிப் பணப்பெட்டி எவ்வளவு தூரம் மதிக்கிறது? இக்கேள்வியை நாம் டில்லியிலிருந்து கேட்கவில்லை. கொல்லிமலையின் அரியூர் நாட்டில் விளையும் சாமையை முன்னிட்டுக் கேட்கிறோம்.

வழங்கல் தவறினால் வீரமும் வீணாம் என்பதற்குச் சான்று தேடி நாம் அயலார் சரித்திரத்தைப் புரட்ட வேண்டியதில்லை. முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷார் நமது சிப்பாய்களை மெசபொடேமியாவுக்கு அனுப்பினர். ஆற்றில் படகுகள் போதவில்லை; மருந்து போதவில்லை; காய்கறி கிடைக்கவில்லை. 1915 டிசம்பரில் கூட் நகரில் முற்றுகைக்குள்ளான சேனை, 1916 ஏப்ரல் 29-ஆம் தேதி பசிக்குப் பணிந்தது. சுமார் 13,000 பேர் சிறைப்பட்டனர். நம் சிப்பாய்களிற் பலரை எதிரியின் குண்டுக்கு முன்னரே ஸ்கர்வி நோய் வீழ்த்திற்று. 1917-இல் வெளிவந்த விசாரணைக் கமிஷனின் அறிக்கை இந்தச் சீர்கேட்டை அம்பலப்படுத்தியது. இந்தியா மந்திரி ஆஸ்டன் சேம்பர்லேன் ராஜிநாமாச் செய்தார்.

அன்று பழியை அன்னிய ஆட்சியின் தலையிற் சுமத்தினோம், அது நியாயமே. 1962-இல் நேர்ந்ததற்குப் பழியை யார் தலையிற் சுமத்துவது? இமயத்தின் பனியில், பருத்தி உடையும் கான்வாஸ் பாதரட்சையும் அணிந்து நம் ஜவான்கள் நின்றனர். விமானத்திலிருந்து போடப்பட்ட மூட்டைகளிற் பல, எட்ட முடியாத பள்ளங்களில் விழுந்து தொலைந்தன. சுதந்திரம் பெற்ற பதினைந்தாம் ஆண்டில், துணிவிற் குறையாத சேனை சாமானிற் குறைந்து நின்றது.

அதற்கு முன்னும் பின்னும் தேசம் வாளாவிருந்துவிடவில்லை என்பதையும் நாம் மறைக்கவில்லை. 1960-இல் எல்லைச் சாலை ஸ்தாபனம் அமைந்தது. 1961-இல் மைசூரில் ராணுவ உணவு ஆராய்ச்சிக்கூடம் நிறுவப்பட்டது. பலவடுக்குப் பையில் சோற்றை அடைத்து, காற்றுப் புகாது மூடி, அழுத்தமுள்ள நீராவியிற் சூடேற்றினால், குளிர்ப்பெட்டியின்றியே அது மாதக் கணக்கில் கெடாதிருக்கும். இத்தகைய முறைகளை ஜவான்களுக்காக வகுத்தது அக்கூடம். 1984-இல் ராகேஷ் சர்மா விண்வெளிக்குச் சென்றபோது உடன்சென்ற இந்திய உணவும் அங்கே ஆக்கப்பட்டதே. அதே ஆண்டு முதல் சியாசென் பனிமலையில் நம் படை நிற்கிறது. பசி மந்தித்து, கொண்டுபோன உணவும் உறைந்துபோகும் அவ்வுயரத்தில், ஒரு வேளைச் சோறும் விஞ்ஞானமாகிவிடுகிறது.

இனி அரியூர் நாட்டுக்கு வருவோம். நாமக்கல் ஜில்லாவிலுள்ள கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் அஃது ஒன்று. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் ரஸ்தாவில் கொண்டையூசி வளைவுகள் 70. சாமையும் தினையும் கேழ்வரகும் இம்மலைவாசிகளின் பழைய உணவு. சேலம், நாமக்கல் பகுதியின் ஜவ்வரிசி ஆலைகள் பெருகியபின் மரவள்ளி பணம் தந்தது. சாமைக் கொல்லைகள் சுருங்கின. பணம் மட்டும் இதற்குக் காரணமன்று. சாமையின் உமி இறுகியது. அதனை உரலிலிட்டுக் குத்தி அரிசியாக்குவது பெண்களின் முதுகை முறிக்கும் வேலை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இம்மலையில் உழைத்து, பழைய விதைகளைக் காத்து, உமி நீக்கும் எந்திரங்களை ஊர்களுக்குக் கொணர்ந்தது. அந்த உழைப்பைப் பாராட்டுகிறோம். ஆனால், ஒரு நிறுவனத்தின் தோள் தனித்துத் தாங்கும் பாரமன்று இது.

சேனைக்கும் சாமைக்கும் என்ன உறவு என்று கேட்பவருக்கு விடை இதோ. கோதுமை மாவுக்காக அரை நூற்றாண்டுக்கு முன்னர் கைவிடப்பட்ட சிறுதானியத்தை, ஜவான்களின் உணவில் மீண்டும் சேர்ப்பதாக 2023 மார்ச்சில் ராணுவம் அறிவித்தது. அரிசி, கோதுமை மாவு ஆகிய தானிய அளவில் நூற்றுக்கு 25 வரை இவ்வாறு வழங்கலாம் என்பது ஏற்பாடு. அறிவிப்பில் பெயர் பெற்றவை கம்பு, சோளம், கேழ்வரகு ஆகிய மூன்றே. சாமைக்கும் தினைக்கும் அப்பட்டியலில் இடமில்லை. உமியோடு இருக்கும்வரை பல்லாண்டு கெடாத தானியம் சாமை. சேமக் களஞ்சியத்துக்கு அதனினும் ஏற்றது அரிது. ஆனால் உமி நீங்கித் தவிடு காற்றிற் பட்டதும் அதிலுள்ள எண்ணெய் காறத் தொடங்குகிறது. மாவாக்கினால் இன்னும் விரைவிற் காறுகிறது. பாசறைக்கு வேண்டுவதோ மாதக் கணக்கில் நிற்கும் சரக்கு.

ஆகவே இங்கே தீர்க்க வேண்டிய சிக்கல்கள் மூன்று: உடையாமல் உமி நீக்கல், காறாமல் காத்தல், வளைவுமிகு மலைவழியிற் சேதமின்றிக் கொண்டு செல்லல். இம்மூன்றும் அரியூர் நாட்டுக் குடியானவனின் சிக்கல்கள். லடாக்கில் நிற்கும் ஜவானின் சிக்கல்களும் இவையே. ஒரே ஆராய்ச்சி இருவருக்கும் பயன்படுமாயின், அச்செலவை வீண் என்பார் யார்?

பணம் இல்லை என்று சொல்வதற்கில்லை. 2025-26-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் பாதுகாப்புக்கென ஒதுக்கப்பட்டது சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் ராணுவ ஆராய்ச்சி ஸ்தாபனத்துக்கு 26,816 கோடி. நூற்றுக்கு நான்கு என்பது குறைவே என்பது நம் அபிப்பிராயம். எனினும், இருப்பதைப் பகிரும் முறையே முதற்கேள்வி. 2022-23 வரவு செலவுத் திட்டத்தில், பாதுகாப்பு ஆராய்ச்சிப் பணத்தில் நூற்றுக்கு 25 பங்கு தொழில்துறையினருக்கும் புதுமுயற்சியாளருக்கும் கல்விக்கூடங்களுக்கும் திறந்துவிடப்படும் என்றனர். அவ்வாண்டே தொழில்நுட்ப வளர்ச்சி நிதியின் உச்சவரம்பு திட்டமொன்றுக்கு 10 கோடியிலிருந்து 50 கோடியாயிற்று. கதவு திறந்திருக்கிறது, உள்ளே நுழைவோர் ஆயுதத்தோடு மட்டுமே நுழைய வேண்டுமா?

நாம் கோருவன நான்கு. முதலாவது, உணவு, உடை, பொதி, போக்குவரத்து ஆகிய வழங்கல் ஆராய்ச்சிக்கு வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பும் நிலையான பங்கும் வேண்டும். இரண்டாவது, மைசூர்க் கூடமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கூடிக் கொல்லிமலையிலேயே சாமைக்கும் தினைக்கும் ஒரு சோதனை நிலையம் நடத்த வேண்டும். மூன்றாவது, 2019-இல் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சேலமும் ஒரு கணு. அடுத்திருக்கும் நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளின் கைத்திறன் நாடறிந்தது. மலைவழிக்கேற்ற ராணுவ வண்டிகளையும் தானியப் பெட்டகங்களையும் ஆக்கும் ஆராய்ச்சியில் அவர்களுக்கும் பங்கு தர வேண்டும். நான்காவது, சோதனையில் தேறிய சரக்கை இன்ன விலைக்கு இத்தனை ஆண்டு வாங்குவோம் என்று ராணுவம் முன்கூட்டியே ஒப்ப வேண்டும். வாங்குவார் இல்லாத ஆராய்ச்சி அலமாரியில் உறங்கும்.

சேனையின் பசி மலையின் சோற்றைப் பறித்துவிடாதா என்று சிலர் அஞ்சுகின்றனர். நியாயமான அச்சமே. ஆதலின் எந்திரம் மலைமேலேயே இயங்க வேண்டும். தவிடும் கூலியும் லாபமும் அங்கேயே தங்க வேண்டும். வீட்டுத் தேவைக்கு மேற்பட்டதே விலைக்கு வர வேண்டும். 1934-இல் காந்தியடிகள் வார்தாவில் தோற்றுவித்த கிராமக் கைத்தொழில் சங்கமும், அதனை நடத்திய தமிழர் ஜே. சி. குமரப்பாவும் போதித்த வழி இதுவே. கிராமத்துக்கு வேண்டியதைப் பறித்துப் படைக்கு ஊட்டுவது அன்னியர் செய்தது. சுயராஜ்யத்தின் வழி அதுவன்று.

தமிழ்நாட்டின் பார்லிமெண்ட் அங்கத்தினர்கள் கட்சி பேதமின்றி இதனைச் சபையில் எழுப்புதல் வேண்டும். தேசத்தொண்டர்கள் ஊர்தோறும் இதனை எடுத்துரைத்தல் வேண்டும். வில்லாண்மைக்குப் பெயர்பெற்ற ஓரியின் மலை அது. இன்று அம்மலை தேசத்துக்கு அளிக்கக்கூடியது வில்லன்று, ஒரு மரக்கால் சாமை. அதனை வாங்கிக்கொள்ளும் விவேகம் சர்க்காருக்கு உண்டாகுக!