புத்தாண்டும் பத்து வெள்ளியும்
ஜனவரி முதல் நாள் எடுத்த தீர்மானம் தைப்பூசம் வரைக்குமாவது தாங்குகிறதா? எனக்குத் தாங்கியதில்லை. 'இந்த வருடம் சேமிப்பேன்' என்று மொட்டையாக எழுதி வைத்ததுதான் கோளாறு.

1960-இல் ரப்பர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டு, நம்மவர் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்தனர். துன் வீ.தி. சம்பந்தன் தோட்டந்தோறும் சென்றார். சிக்கனமாக இருங்கள் என்று பொதுவாகச் சொல்லவில்லை. மாதம் 10 வெள்ளி, பத்து மாதம், 100 வெள்ளியில் ஒரு பங்கு. பால்மரம் வெட்டியவர்களுக்கு அது பெரிய தொகைதான். ஆனால் எவ்வளவு, எதுவரை, எதற்கு என்பது தெரிந்திருந்தது. அப்படி வளர்ந்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கியது நம் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம்.

கூலிம் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளே, உங்கள் தீர்மானத்தில் தொகை இருக்கிறதா? சம்பள நாளன்றே ஒதுக்குங்கள். மிச்சத்தில் ஒதுக்கலாமென்றால் மாதக் கடைசியில் மிஞ்சுவது கடைக்கணக்கு மட்டுமே.